சோடியம் சல்பைடு செதில், 25 கிலோ மூட்டை

ஆம்பூர்ப் பக்கம் எங்களுக்குத் தோல் பதனிடும் பட்டறை. ஆறு மாதமாக இந்த மஞ்சள் செதிலைத்தான் வாங்குகிறோம். சுண்ணாம்போடு குழைத்து ஆட்டுத்தோலின் சதைப்பக்கம் பூசி மடித்து வைத்தால், மறுநாள் காலை முடி கையோடு வருகிறது. அருமையான சரக்கு.

ஆனால் மூட்டையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வலுக்குறைந்த அமிலம். அதனால்தான் அதன் உப்பான இது தண்ணீரில் கடும் காரம், கையுறை இல்லாமல் தொட்டால் தோலை அரிக்கும். கரைசலின் பிஹெச் (அமில-கார அளவு) 12-இல் இருந்தால் அந்த வாயு வெளிவராமல் அடங்கியிருக்கும். 7-க்கு இறங்கினால் கரைந்த சல்பைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடாகிவிடும். அமிலம் இருந்த வாளியில் தயவுசெய்து போடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் திடீரென நின்றாலும் நம்பாதீர்கள், மூக்கு மரத்திருக்கும். உடனே வெளியே வந்துவிடுங்கள்.

போன மூட்டையில் உள்பை கிழிந்து, ஈரம் இழுத்து, செதில் பாறையாக இறுகியிருந்தது. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.