அல்கட்ராஸ்: ஹெட்போனா, ரேஞ்சரா?

சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அல்கட்ராஸ் தீவுக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே இருக்கும் பழைய சிறையின் கதையைக் கேட்க இரண்டு வழி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடியோ வழிகாட்டியோடு சிறைக்கூடத்தைச் சுற்றலாம். அல்லது தேசியப் பூங்காத் துறையின் ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் பேசுவதைக் கேட்கலாம். இரண்டும் படகுக் கட்டணத்திலேயே அடக்கம், அதனால் காசுக் கணக்கு வேண்டாம். இரண்டையும் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறைக்கட்டடத்துக்குள் ஆடியோதான்.

பேசுவது யார் என்பதே காரணம். 1934 முதல் 1963 வரை அல்கட்ராஸ் அமெரிக்க மத்திய அரசின் சிறை. ஒலிப்பதிவில் பேசுகிறவர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்த கைதிகளும், அவர்களைக் காவல் காத்தவர்களும். தண்டனைக்குத் தனியே அடைத்துவைக்கும் டி பிளாக் பகுதியின் இருட்டறையில் கிடந்த ஒருவர், உடுப்பிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துச் சுண்டி எறிவாராம். பிறகு கும்மிருட்டில் தரையெல்லாம் தடவித் தேடுவார். கிடைத்ததும் மறுபடி சுண்டுவார். புத்தி பேதலிக்காமல் இருக்க அவருக்குக் கிடைத்த வேலை அது. இதை அந்த அறை வாசலிலேயே நின்று கேட்கிறோம். புத்தாண்டு இரவில் நகரத்தின் சிரிப்புச் சத்தம் கடலைத் தாண்டி உள்ளே கேட்டதையும் ஒலிப்பதிவு சொல்கிறது. எவ்வளவு படித்த ரேஞ்சர் சொன்னாலும் அது கேள்விப்பட்ட கதைதான். இங்கே பட்டவரே பேசுகிறார். 1946 மே மாதக் கலவரத்தில் இரண்டு காவலர்களும் மூன்று கைதிகளும் இறந்தார்கள். அது நடந்த இடத்தில் இரு தரப்புக் குரலையும் கேட்டபடி நிற்பது எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை.

குறை உண்டு. ஆளுக்கொரு ஹெட்போன் என்பதால் குடும்பம் சிதறிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடியோ கருவியின் பொத்தானை அழுத்துங்கள். பெரிய குறை வேறு. 1969 நவம்பரில் அமெரிக்கப் பூர்வகுடியினர் தீவைக் கைப்பற்றி 19 மாதம் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் அவர்கள் எழுதிய சிவப்பு எழுத்துகள் படகிலிருந்தே தெரியும். ஆனால் ஆடியோவில் பெரும்பகுதி சிறைக்காலம்தான். அந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேட்க ரேஞ்சரிடம்தான் போகவேண்டும். எதிர்க்கேள்வி கேட்கவும் அவர்தான் ஆள்.

சின்னப் பிள்ளைகளோடு நான் போனதில்லை. அவர்களுக்கு ரேஞ்சர் பேச்சே ஒத்துவரலாம். சுவர்ப் பலகையில் இருப்பதையே யாரோ வாசித்துக் காட்டும் அருங்காட்சியகங்களுக்கும் என் வாதம் செல்லாது. அங்கே ஆள் வழிகாட்டியைத்தான் தேடுவேன்.

இறங்கியதும் படகுத்துறையில் அன்றைய ரேஞ்சர் பேச்சு எத்தனை மணிக்கு என்று பார்த்துவையுங்கள். முதலில் ஆடியோ, பிறகு அது.