சண்டைப் பந்தய விகிதம்: நிறுவனம் வைக்கும் விலையும் சந்தை பேசும் விலையும்

குத்துச்சண்டைக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளுக்கும் பந்தய விகிதம் இருவழிகளில் உருவாகிறது. ஒன்றில் பந்தய நிறுவனமே விலை வைக்கிறது. மற்றொன்றில், எக்ஸ்சேஞ்ச் என்னும் சந்தையில் பந்தயம் கட்டுவோர் தங்களுக்குள் விலை பேசிக்கொள்கிறார்கள்.

நிறுவனம் ஒரு வீரருக்கு 1.40, எதிராளிக்கு 3.00 என்று வைப்பதாகக் கொள்வோம்; அதாவது, முதல்வர்மீது ஒரு ரூபாய் கட்டி வென்றால், கட்டிய பணமும் சேர்த்து 1.40 ரூபாய் கிடைக்கும். ஒன்றை இவ்விரு எண்களாலும் வகுத்தால் வெற்றி வாய்ப்பு முறையே 71.4, 33.3 விழுக்காடு என வரும். இரண்டின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும் அந்த நாலேமுக்கால் புள்ளிதான் நிறுவனம் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் பங்கு. தொடக்க விலையை நிர்ணயிப்பவர் வயது, கை நீளம், எடைக் குறைப்பில் பட்ட பாடு, கடைசி நேர எதிராளி மாற்றம் ஆகியவற்றை எடைபோடுகிறார். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே களமிறங்கும் ஒருவரைப் பற்றிய புள்ளிவிவரம் சொற்பம் என்பதால், இங்கே கணிதத்தைவிட மனிதக் கணிப்புக்கே வேலை அதிகம். அந்தக் கணிப்பு தவறக்கூடும் என்பதால்தான் தொடக்கத்தில் சிறு தொகைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, விவரம் அறிந்தவர்களின் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து விலையைத் திருத்துகிறார்கள்.

பெரிய சண்டைகளில் ரசிகர்களின் பணமும் விலையை இழுத்துவிடும். 2017 ஆகஸ்டில் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதருடன் மோதிய கலப்புத் தற்காப்புக் கலை வீரர் கானர் மெக்ரெகர் அதுவரை ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைகூட ஆடியதில்லை. ஆயினும் அவர்மீது குவிந்த பந்தயங்களால் அவருடைய விகிதம் வெகுவாக இறங்கியது. பத்தாவது சுற்றில் அவர் தோற்றார். மாறாக, வெல்வார் என்று பெரும்பாலோர் நம்பாதவரின் விகிதம் உயர்ந்தே நிற்கும்: 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் மைக் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸுக்கு லாஸ் வேகஸில் 42-க்கு 1 (ஒன்று கட்டினால் 42 லாபம்) என்ற விகிதம் கிடைத்தது.

எக்ஸ்சேஞ்ச் சந்தையில் வெற்றி வாய்ப்புகளின் கூட்டுத்தொகை நூறை ஒட்டியே நிற்கும். கட்டணமும் பொதுவாகப் பந்தயத்தில் வென்றவரின் லாபத்திலிருந்தே பிடிக்கப்படும். ஒருவர் தோற்பார் என்றும் அங்கே பந்தயம் கட்டலாம். பட்டத்துக்கான சண்டை என்றால் நான் சந்தை விலையையே நம்புவேன். முக்கியச் சண்டைக்கு முன் நடக்கும் துணைச் சண்டைகளில் நிலைமை வேறு: பணம் போடுவோர் குறைவு, கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடைவெளி அகலம், ஒரே ஆளின் விருப்பம்கூடச் சந்தை விலையாகத் தோற்றமளிக்கும். அங்கே நிறுவனத்தின் விலையே மேல்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமுன் டிரா குறித்த விதியைக் கவனிக்க வேண்டும். டிராவுக்குத் தனி விலை உள்ள இடத்தில் சண்டை சமனில் முடிந்தால், வீரர்மீது கட்டிய பணம் போய்விடும். தனி விலை இல்லாத இடத்தில் அது பொதுவாகத் திரும்பி வரும். ஆகவே ஒரே வீரருக்கு முன்னதில் சற்றுக் கூடுதலாகத் தெரியும் விலை, உண்மையில் கூடுதலாக இருக்க வேண்டியதில்லை.