பெயின்டிங் கிளாஸ்ல "கலர் கிட் எங்ககிட்டதான் வாங்கணும்"னு சொன்னா தயவுசெஞ்சு உஷாரா இருங்க

பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் வீடே வெறிச்சோடிப் போச்சு, சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்ட வாட்டர் கலரை இப்பவாவது கத்துக்கலாம்னு திருச்சியில ஒரு வீக்கெண்ட் கிளாஸ்ல சேர்ந்தேன். மூணு மாசத்துக்கு 6,000 ஃபீஸ். அது போக 36 ட்யூப், நாலு பிரஷ், ஒரு பேப்பர் பேட் சேர்த்து ஒரு கிட் 3,800 ரூபாய், அங்கதான் வாங்கணும், வெளிய வாங்கின கலர் கொண்டு வரக்கூடாதுன்னு கண்டிஷன். "ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டி மேடம், வெளிய இதே டபுள் ஆகும்"னாங்க. நம்பி ஜிபே பண்ணிட்டேன், பில் கேக்கல.

ரெண்டாவது வாரம் வாழையிலை வரையச் சொன்னாங்க. இளம் குருத்துல வெயில் பட்டா ஒரு பச்சை வரும்ல, அதான் வேணும். ப்ளூவும் மஞ்சளும் கலந்தேன், தொட்டியில பாசி பிடிச்ச மாதிரி ஒரு மங்கல் நிறம் வந்துச்சு. மஞ்சளைக் கூட்டினா வெளுத்துப் போகுது, ப்ளூவைக் கூட்டினா சேறு. காஞ்சப்புறம் மேல விரலை வச்சா வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுது. கேட்டா "தண்ணி அதிகம் வைக்கறீங்க, கை பழகணும்"னு ஒரே பதில். ஏழு வாரம் இதையே கேட்டு நானும் நமக்கு கலர் சென்ஸே இல்ல போலன்னு நம்பிட்டேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து கலந்து கலந்து பாத்திருக்கேன். இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல, காசு போனது கூட இல்ல.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில படிச்ச எங்க சித்தி பையன் பொங்கலுக்கு வந்திருந்தான். கிட்டைக் கையில எடுத்ததுமே "அக்கா, இதுல பிக்மென்ட் நம்பரே இல்லையே"ன்னான். எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே அப்பதான் தெரியும். நல்ல ட்யூப்ல உள்ள என்ன நிறமி இருக்குன்னு சின்னதா ஒரு குறியீடு போட்டிருப்பாங்களாம், அல்ட்ராமரைன்ங்கற ஊதா சாயல் ப்ளூன்னா பிபி 29, தாலோ ப்ளூங்கற பச்சை சாயல் ப்ளூன்னா பிபி 15, லெமன் யெல்லோவுல பெரும்பாலும் பிஒய் 3. என் கிட்ல அது மட்டுமில்ல, தயாரிச்சவங்க பேரு, விலாசம், எம்ஆர்பி, எத்தனை மில்லின்னு எதுவுமே இல்ல. பேக் பண்ணி விக்கற பொருள்ல இதெல்லாம் போட்டே ஆகணும்னு சட்டம் இருக்கு.

அவன் என் மஞ்சளை ஒரு சொட்டு எடுத்து நிறைய தண்ணி விட்டு வெள்ளைத் தட்டுல இழுத்தான், நிறம் ஓரத்துக்கு ஓடிடுச்சு, நடுவுல சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு நின்னுச்சு. வாட்டர் கலர்னா அடியில இருக்கற பேப்பரோட வெள்ளை ஊடுருவித் தெரியணும், அதுல இப்படி வெள்ளை மாவு சேர்த்து நிரப்பினா நிறம் எப்படித் துலங்கும்? அப்புறம் அவனோட பையிலேர்ந்து தாலோ ப்ளூ ஒரு பொட்டு, லெமன் யெல்லோ கொஞ்சம் எடுத்துக் கொடுத்து "இப்ப கலந்து பாரு"ன்னான். அதே கை, அதே பிரஷ். குருத்து வாழையிலை அப்படியே தட்டுல வந்து நின்னுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அவன் சொன்ன இன்னொண்ணு, ப்ளூ எல்லாம் ஒரே ப்ளூ கிடையாது. அல்ட்ராமரைன் சிவப்புப் பக்கம் சாஞ்சது, மாம்பழ மஞ்சளும் அப்படித்தான், ரெண்டும் சேர்ந்தா உள்ள இருக்கற சிவப்பு பச்சையை அடிச்சுடும், அதனால மங்கும். தப்பு இல்ல, காஞ்ச இலைக்கு அந்தப் பச்சைதான் வேணும். இதை முதல் கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்திருக்கணும். 36 ட்யூபும் தேவையே இல்லையாம், மஞ்சள்ல ரெண்டு, சிவப்புல ரெண்டு, ப்ளூவுல ரெண்டு, பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு ஒண்ணு போதும். அந்த சியன்னாவையும் அல்ட்ராமரைனையும் கலந்தா மழை மேகத்தோட சாம்பல் நிறம் வருது பாருங்க, கறுப்பு ட்யூபே வேண்டாம். ட்யூப்ல "ஹியூ"ன்னு போட்டிருந்தா அது அசல் நிறமி இல்ல, அதே மாதிரி தெரியற மாற்று, பழகறதுக்கு ஒண்ணும் மோசமில்ல, ஆனா அசல் விலை கொடுக்காதீங்க.

சந்தேகம் தீரணும்னு கிட்ல இருந்த எல்லா கலரையும் ஒரு பேப்பர்ல பட்டை பட்டையா தீட்டி, பாதியை கறுப்பு அட்டையால மூடி தெக்குப் பக்க ஜன்னல்ல ஒட்டி வச்சேன். மூணு வாரம் கழிச்சு அட்டையை எடுத்தா ரோஸ் கலர் வெயில் பட்ட பக்கம் கிட்டத்தட்ட காணவே இல்ல. பேப்பர் பேடும் 300 ஜிஎஸ்எம், அதாவது நல்ல கனமான பேப்பர்னு சொன்னாங்க, ரெண்டாவது தடவை ஈர பிரஷ் பட்டதும் திரித்திரியா பிஞ்சு வந்துச்சு.

போய்க் கேட்டேன். "வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்"னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னாங்க. குறையுள்ள பொருளை, பில்லுல காலக்கெடு போடலைன்னா 30 நாளைக்குள்ள திரும்ப எடுக்க மறுக்கறதே முறையற்ற வணிகம்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. எனக்கு அந்த 30 நாள் தாண்டிடுச்சு. இருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணி ஜிபே ஸ்க்ரீன்ஷாட், பட்டை தீட்டின பேப்பர் ஃபோட்டோ எல்லாம் கொடுத்து புகார் பதிஞ்சேன், பதினஞ்சு நாள்ல கிளாஸ்லேர்ந்து அவங்களே கூப்பிட்டு 2,000 அனுப்பினாங்க. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்னு இருக்கேன், ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது.

என் கூட சேர்ந்த ஒரு அக்கா, ரிட்டையர்டு டீச்சர், "எனக்கு இதெல்லாம் வராதும்மா"ன்னு நாலாவது வாரமே நின்னுட்டாங்க. அவங்க கிட்டும் இதேதான். லெமன் யெல்லோ ஒண்ணு, தாலோ ப்ளூ ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், இந்த ஞாயித்துக்கெழமை அவங்க வீட்டுக்குப் போறேன்.