தொடக்கப்பள்ளி ஆசிரியராக எந்த வழி: ஒருங்கிணைந்த பட்டமா, பட்டத்துக்குப் பின் பயிற்சியா, நேரே வகுப்பறையா?

கல்லூரியில் பாதி வழி வந்தபிறகுதான் "நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தான் போகிறேன்" என்று முடிவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். பல நாடுகளில் அவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. தொடக்கக் கல்விக்கென்றே உள்ள நான்கைந்து வருட ஒருங்கிணைந்த பட்டத்துக்கு மாறலாம். எடுத்த பட்டத்தை முடித்துவிட்டு, அதற்கு மேல் ஒன்று ஒன்றரை வருடம் ஆசிரியர் பயிற்சி படிக்கலாம். இல்லையென்றால் பட்டம் முடிந்த கையோடு சில வாரப் பயிற்சியில் வகுப்புக்குள் போய், சம்பளம் வாங்கிக்கொண்டே சான்றிதழையும் முடிக்கலாம்.

இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை வருடம், எவ்வளவு செலவு என்றுதான். கேட்க வேண்டியதுதான், தவறில்லை. ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு: அனுபவமுள்ள ஒரு ஆசிரியர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து கவனிக்க, நீங்கள் எத்தனை நாள் பாடம் எடுக்கிறீர்கள், அந்த நாட்கள் படிப்பு முழுவதும் பரவியிருக்கின்றனவா, ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா?

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், தொடக்கப்பள்ளியில் பாடம் தெரிந்திருப்பது பாதி வேலைகூட இல்லை. 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 26 என்று எழுதுகிறது. விடை தப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எந்த வரிசையில் இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை புரிந்துவைத்திருக்கிறது, அதனால்தான் 8இலிருந்து 2ஐக் கழித்து 6 போட்டிருக்கிறது என்பதை அந்த இடத்திலேயே கண்டுபிடித்து, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை எடுப்பதா, எண்கோடு வரைவதா என்று முடிவெடுப்பது தனி அறிவு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் எழுதிய கட்டுரையில் இந்த அறிவைப் பாடத்தை அறிவதிலிருந்து பிரித்துக் காட்டினார். கணக்கில் முதுநிலைப் பட்டம் வாங்கியவருக்கும் இது தானாக வந்துவிடாது, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

ஒருங்கிணைந்த பட்டத்தின் பலமே இதற்கு அது கொடுக்கும் அவகாசம்தான். ஃபின்லாந்தில் 1979இலிருந்து தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியருக்கும் முதுநிலைப் பட்டம் தேவை, இளநிலை மூன்று வருடம், முதுநிலை இரண்டு என்று மொத்தம் ஐந்து வருடப் படிப்பு. பல்கலைக்கழகங்களோடு சேர்ந்தே பயிற்சிப் பள்ளிகள் இருப்பதால் வகுப்பறைப் பயிற்சி பல கட்டங்களாக வருகிறது. ஒரு பருவத்தில் தடுமாறியதை யோசித்து, அதைப் பற்றிப் படித்து, அடுத்த பருவத்தில் வேறு மாதிரி செய்து பார்க்க முடிகிறது. ஜப்பானில் இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: தொடக்கப்பள்ளி உரிமம் வாங்க விரும்பும் மாணவர்கள் குறைந்தது 7 நாட்கள் சிறப்புப் பள்ளிகளிலும் முதியோர் இல்லம் போன்ற நலவாழ்வு இடங்களிலும் உதவிப் பணி செய்ய வேண்டும். பாடத்திட்டத்தோடு நேரடித் தொடர்பில்லாத இதை ஆசிரியர் தயாரிப்பின் பகுதியாகப் பார்த்திருக்கிறார்கள், சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வழியின் குறை, பதினெட்டு வயதிலேயே முடிவெடுக்கச் சொல்கிறது. நடுவில் மனசு மாறினால் அந்தப் பட்டத்தை வைத்து வேறு வேலைக்குப் போவது கொஞ்சம் சிரமம். ஏற்கெனவே வேறு துறையில் இருப்பவர் மாறினால் முடித்த பாடங்களில் எத்தனை செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். இதை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு சேராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். சில நேரம் மாறுவதால் இரண்டு வருடம் கூடிவிடும், அதற்கு இருக்கிற பட்டத்தை முடித்துவிட்டு இரண்டாவது வழிக்கு வருவதே மேல்.

அந்த இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் பி.ஜி.சி.இ. என்ற, பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படிப்பு. வழக்கமாக ஒரு வருடம், அதில் குறைந்தது 120 நாட்கள் பள்ளியில், அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். சிங்கப்பூரில் இதேபோன்ற தொடக்கநிலைப் பயிற்சிக் காலத்திலேயே கல்வி அமைச்சகம் சம்பளம் கொடுக்கிறது. இருபத்தொரு வயதில் யோசித்து முடிவெடுக்கலாம், கையில் ஒரு பாடப் பட்டமும் இருக்கும். நாட்களை மட்டும் எண்ணினால் 120 என்பது பல நீண்ட படிப்புகளுக்குக் குறைந்ததல்ல, அதனால் இதை மாற்றுக் குறைவாகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் எல்லாம் ஒரே வருடத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கும். பகலில் வகுப்பு, இரவில் மறுநாள் பாடக்குறிப்பு, வார இறுதியில் கட்டுரை. இதில் அதிகம் அடிபடுவது, எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்ற பகுதி. அது மெதுவாகப் பழக வேண்டிய வேலை. அதனால் இந்த வழியில் போகிறவர்கள் இரண்டு பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றிலாவது ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், இந்த வழியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது: சான்றிதழ் எந்த வகுப்புகளுக்குச் செல்லும் என்பது. இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம், பணியில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், பி.எட். தொடக்கநிலைக்கான தகுதி ஆகாது என்று தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அந்தப் படிப்பு சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் காரணம். இதனால் பாதிக்கப்பட்டவர்களை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நீதிமன்றம் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் சான்றிதழில் எந்த வகுப்புகள் எழுதப்படும் என்று பாருங்கள்.

மூன்றாவது வழி பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 1990இல் முதல் அணியை வகுப்பறைக்கு அனுப்பிய டீச் ஃபார் அமெரிக்கா என்ற அமெரிக்க அமைப்பு இதில் மிகவும் பேசப்படுவது: புதிய பட்டதாரிகள், கோடையில் சில வாரப் பயிற்சி, பிறகு இரண்டு வருடம் முழுநேர ஆசிரியர் வேலை. கடன் வாங்கிப் படிக்க முடியாதவருக்கு இது பெரிய வாசல், ஆசிரியரே கிடைக்காத பள்ளிக்கும் ஓர் உதவி, இதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ளும் அந்த முதல் வருடம், படிக்கக் கற்கிற ஒரு பிள்ளைக்குத் திரும்ப வராத வருடம். இந்த வழியில்தான் போக முடியும் என்றால், ரெசிடென்சி முறை இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் முதல் வருடம் முழுவதும் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் அவரோடு சேர்ந்து வேலை செய்வீர்கள், தனி வகுப்பு அதற்குப் பிறகுதான். அதற்கு நான் தயங்காமல் சரி சொல்வேன்.

ஆகவே முதல் வருட மாணவர், மனசில் சந்தேகமே இல்லை என்றால் ஒருங்கிணைந்த பட்டம். இரண்டாம் வருடம் தாண்டிவிட்டீர்களா, பட்டத்தை முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போங்கள், இடையில் உள்ள விடுமுறைகளில் ஏதாவது சின்ன வகுப்பில் உதவியாளராக உட்காருங்கள். விண்ணப்பிக்கும் துறையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வழிகாட்டி ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என் பாடத்தைக் கவனிப்பார், எந்தெந்த வகுப்புகளில் விடுவீர்கள், முதல் பள்ளி சரியாக அமையாவிட்டால் மாற்றித் தருவீர்களா? இதற்கு நேரான பதில் வராத இடத்தில், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நான் சேர மாட்டேன்.