கனடாவில் வெயிட்டர் வேலைக்குக் காசு கட்டமுன் இதை வாசியுங்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கரை ரெஸ்டோரன்ட் ஒன்றில் 3 வருடம் வெயிட்டராக நின்றவன் நான். 2025 பங்குனியில், வவுனியாவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். "தம்பி, உம்முடைய அனுபவத்துக்குக் கனடாவில் வெயிட்டர் வேலை இருக்குது. ஒரு வருடம் நின்றால் பி.ஆர். மனிசியும் ஓபன் பெர்மிட்டில் கூடவே வரலாம்" என்றார். பி.ஆர். என்றால் நிரந்தர வதிவிட அனுமதி. ஓபன் பெர்மிட் என்றால் எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய அனுமதி. 18 இலட்சம் கேட்டார், முதலில் 8 கட்டச் சொன்னார். அம்மாவின் சங்கிலியும் மனைவியின் தாலிக்கொடியும் அடைவுக்குப் போயின. ரசீது கேட்டேன். "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். அந்த இடத்திலேயே எழும்பி வந்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமையில் எல்.எம்.ஐ.ஏ. கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆளை எடுக்கக் கனடா முதலாளி வாங்கவேண்டிய அனுமதி அது. அப்புறம் ஒருநாள் மாங்குளம் சந்தித் தேநீர்க் கடையில் புதுக்குடியிருப்புப் பெடியன் ஒருவனைச் சந்தித்தேன். அவனுக்கும் அதே ஏஜென்ட். இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே ரெஸ்டோரன்ட், ஒரே திகதி, ஒரே கையெழுத்து. பெயர் இருந்த வரி மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில், மற்ற வரிகளை விட்டு மேலே ஏறி நின்றது. இரண்டிலும் அப்படித்தான். அவன் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணியும் குடிக்கவில்லை. அடுத்த நாள் ஏஜென்டின் போன் வேலை செய்யவில்லை. மாடிக் கதவில் பூட்டு.

கடிதம் உண்மையாக இருந்திருந்தாலும் அவர் சொன்ன வழி பொய் என்பது பிறகுதான் தெரிந்தது. கனடாவில் வெயிட்டர் வேலையின் தொழில் குறியீடு 65200. டீர் என்ற வேலைத் தகுதிப் படிகளில் அது 5, கடைசிப் படி. பி.ஆர். கொடுக்க ஆட்களைப் புள்ளி போட்டுத் தெரியும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை கணக்கெடுப்பது 0 முதல் 3 வரையான படிகளின் அனுபவத்தைத்தான். சமையல்காரர் 63200, மேற்பார்வையாளர் 62020, இவை இரண்டும் அதற்குள் வரும். வெயிட்டர் வராது. அந்த முறையில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளிகளையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். மனைவிக்கு ஓபன் பெர்மிட் என்பதும் 2025 ஜனவரியிலிருந்து இந்தப் படிக்காரருக்கு இல்லை. எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் 1000 டொலர், அதை முதலாளிதான் கட்டவேண்டும். வேலையாளிடம் அறவிடக் கூடாது என்பது அங்கத்தைய விதி.

ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள், இலக்கம் 1989. ஒரு போன்தான். நான் அதைச் செய்யவில்லை.

பொலிசிலும் பணியகத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 8 இலட்சத்தில் 3க்கு மட்டும் வங்கிச் சிட்டை இருக்கிறது. கையில் கொடுத்த 5க்கு ஒரு துண்டும் இல்லை. அந்த மாடியில் காசு கட்டியவர்கள் வன்னியில் இன்னும் இருப்பீர்கள். சிட்டை, வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எடுத்துக்கொண்டு போய் நீங்களும் முறைப்பாடு எழுதுங்கள்.