கையெழுத்துக்கு முன் கேட்கிறார்கள்; அதன் பிறகு?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, ஒரு நட்பு நாட்டுடன் பரஸ்பரக் கொள்முதல் ஒப்பந்தம் (பாதுகாப்புக் கொள்முதலில் ஒருவர் நாட்டுப் பொருளுக்கு மற்றவர் தடை போடாமலிருக்கும் உடன்பாடு) செய்யவோ புதுப்பிக்கவோ முற்படும்போது, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்னும் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டுத் தன் நாட்டு நிறுவனங்களிடம் கருத்துக் கேட்கிறது. அந்தக் கருத்துக் கேட்புச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை.

இதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 1933ஆம் ஆண்டின் 'பை அமெரிக்கன்' சட்டத்தின் கீழ், பாதுகாப்புத் துறை ஏலங்களை ஒப்பிடும்போது வெளிநாட்டுப் பொருளின் விலையோடு 50 சதவீதம் கூட்டுவார்கள். 1,00,000 டாலருக்கு வந்த வெளிநாட்டு ஏலம் 1,50,000 டாலராகக் கணக்கிடப்படும்; 1,40,000 டாலர் கேட்ட உள்ளூர்ப் பட்டறைக்கு ஆர்டர் கிடைக்கும். அதே பொருள் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்தால், ஒப்பந்தம் இருப்பதால் இந்தக் கூட்டல் கிடையாது. உள்ளூர்ப் பட்டறை தோற்றுவிடும். ஏலப் படிவத்தில் பொருளின் வரிசை எண்ணுக்கு எதிரே எழுதும் நாட்டின் பெயர் ஒன்றே முடிவை மாற்றிவிடுகிறது. இத்தகைய நாடுகள் இப்போது 28.

அறிவிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கேள்வி. அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சகம் நடத்திய டெண்டரில் பங்கேற்றீர்களா, நடைமுறை வெளிப்படையாகவும் நேர்மையாகவும் இருந்ததா, போட்டி நியாயமாக நடந்ததா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். சிறு நிறுவனம்கூட வழக்கறிஞர் இல்லாமல் பதில் எழுதிவிடலாம். அரசு அலுவலக மொழியில் இந்தத் தெளிவு அரிது என்பதால் இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தொடங்குகிறது. நட்பு நாடு ஒப்பந்தத்தை மீறி அமெரிக்கப் பொருள்களிடம் பாகுபாடு காட்டியதாக, அமெரிக்க அரசின் வர்த்தகப் பிரதிநிதியைக் கலந்தாலோசித்த பின் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் தீர்மானித்தால், 50 சதவீதக் கூட்டலிலிருந்து அந்தப் பொருள் வகைகளுக்குத் தந்த விலக்கை ரத்து செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் மீறல் நடந்ததை யார் கவனித்துச் சொல்வது? பாதிக்கப்பட்ட நிறுவனம் அடுத்த புதுப்பித்தல் அறிவிப்புவரை காத்திருந்தால், பறிபோன டெண்டர் திரும்பி வராது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் புகார் வாயிலும், அந்த நட்பு நாடுகளில் அமெரிக்க நிறுவனங்கள் வென்ற ஆர்டர்களின் நாடுவாரியான கணக்கும் இந்தச் சேவையின் பகுதியாகவே இருக்க வேண்டும். இவை இல்லாத மேற்பார்வைக்கு என்னால் ஐந்துக்கு மூன்றுக்கு மேல் தர இயலவில்லை.

இந்தியா அந்த 28 நாடுகளில் இல்லை. இத்தகைய ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தையை அந்த ஆண்டே தொடங்குவதாக 2025 பிப்ரவரியில் மோடி–டிரம்ப் கூட்டறிக்கை கூறியது. ஓசூரிலும் கோவையிலும் பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகம் செய்பவர்கள் அந்தக் கேள்விகளை இப்போதே ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. நம் டெண்டர் நடைமுறையைப் பற்றி அமெரிக்க நிறுவனங்களிடம் கேட்கப்படும் கேள்விகளும் அவையே.