கயிலாயம் காட்டுவதாகச் சொல்லும் கடைகளிடம் எச்சரிக்கை: 8,500 ரூபாய் போனது, அம்மாவின் தூக்கமும் போனது

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு வயது 72. கயிலாயத்தைக் காண்பது அவருடைய வாழ்நாள் ஆசை. 2020 முதல் நின்றிருந்த அரசு யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியபோது விசாரித்தேன். 70 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஏமாற்றத்தில் இருந்தபோதுதான், வி.ஆர். ஹெட்செட் (நேரில் அங்கேயே இருப்பது போலக் காட்சிகளைக் காட்டும், கண்களை மூடி மாட்டும் திரைக்கருவி) மாட்டிப் புனிதத் தலங்களைக் காட்டும் கடையொன்று கண்ணில் பட்டது. கடைக்காரர் அம்மாவின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு, "அப்பருக்குத் திருவையாற்றிலேயே கயிலாயம் தெரிந்ததே அம்மா, உங்களுக்கு இங்கேயே தெரியும்" என்றார். அம்மா கண் கலங்கினார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பத்து அமர்வுகளுக்கு 8,500 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன்.

முதல் அமர்வே இடைவெளியின்றி நாற்பது நிமிடம் ஓடியது. "போதும் தம்பி" என்று அம்மா இருமுறை சொல்லியும், "கயிலாயத்தைச் சுற்றும் பாதையில் உள்ள டோல்மா கணவாய் வரப்போகிறது பாட்டி, பொறுங்கள்" என்று அங்கிருந்த பையன் கழற்றவில்லை. கண் மலையேற, உட்செவியோ உடம்பு நாற்காலியில்தான் இருக்கிறது என்று உணர்த்த, அந்த முரண்பாட்டில் வந்த தலைசுற்றலும் குமட்டலும் அன்றிரவே தணிந்தன. தணியாதது வேறொன்று. மறுநாள் காலை குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தவர், புளி ஒட்டியிருந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என் கைதானாப்பா?" என்று கேட்டார். வீடே ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிகிறது என்றார். நான்கு இரவுகள் அவர் உறங்கவில்லை. சுற்றியுள்ளவை மெய்யல்ல என்று தோன்றும் இந்த உணர்வு வி.ஆருக்குப் பின் சிலருக்கு வருவதுண்டு, பெரும்பாலும் தானாகவே விலகிவிடும் என்று மனநல மருத்துவர் ஆறுதல் சொன்னார். ஆனால் கயிலாயம் என்ற பேச்சையே அம்மா இப்போது எடுப்பதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைக்குப் போனேன். "முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் சார், இஞ்சி மிட்டாய் கொடுங்கள்" என்றார்கள். மறுமுறை, நான் படிக்காமல் கையெழுத்திட்ட தாளை நீட்டினார்கள். மூன்றாம் முறை, மீதி ஒன்பது அமர்வுகளுக்கு வேறு யாரையாவது அழைத்து வரச் சொன்னார்கள். இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. 8,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். முதியவர்கள் "போதும்" என்றால் பையனைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களே ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள். மருத்துவரிடம் மீண்டும் போக நேரமாகிவிட்டது; அம்மா வாசலில் காத்திருக்கிறார்.